அடைப்புக்குறிக்குள் ஒரு தம்பி

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பயிற்சி பெறுவோரின் ஆண்டறிக்கையை நான்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். 'அசெஸ்', 'எவால்யுவேட்', 'அப்ரெய்ஸ்' ஆகிய மூன்றுக்கும் அகராதி 'மதிப்பிடு' என்றே பொருள் சொல்கிறது. இந்த ஆண்டு என் தம்பியும் பட்டியலில் இருக்கிறான். (அவனோடு உட்கார்ந்து பேச நேரம் அமையவில்லை, அவன் அனுப்பிய கோப்புகளைப் பார்த்தே எழுதிவிட்டேன்.) அவனுடைய அறிக்கையின் முதல் வரியில் எந்தச் சொல்லை எழுதுவது?

பதில்: மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், எதை எழுதினாலும் குற்றமில்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இதே கேள்வி ஆண்டுதோறும் எனக்கு வருகிறது. அப்படிச் சொல்லி நான் யாரையும் அனுப்பிவைத்ததில்லை.

அகராதியின் மேல் பழி போடாதீர்கள். தமிழில் 'மதிப்பிடு' என்ற ஒரே வினை விலை, தரம், அளவு ஆகிய அனைத்தையும் சுமக்கிறது. ஆங்கிலம் அந்தச் சுமையைப் பல சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. வெள்ளம் வடிந்தபின் சேதத்தைப் பார்ப்பது, நோயாளியின் நிலையை அறிவது, ஒருவருக்கு இன்னும் என்ன பயிற்சி தேவை என்று கண்டுகொள்வது போன்ற, நிலவரம் அறியும் வேலைகளுக்கு 'அசெஸ்' பொருந்தும். வகுத்துக்கொண்ட அளவுகோல்களை வைத்து, ஒரு திட்டம் பயன் தந்ததா இல்லையா என்று முடிவு கூறுவது 'எவால்யுவேட்'. இயற்கணிதக் கோவையில் எண்ணை இட்டு அதன் மதிப்பைக் காண்பதற்கும் இச்சொல்தான். அங்கே 'அசெஸ்' என்று எழுதினால் சிரிப்பார்கள். வீட்டுக்கும் நகைக்கும் வல்லுநர் விலை குறிப்பது 'அப்ரெய்ஸ்'. அதை அலுவலகங்கள் மனிதர் மேலும் ஏற்றியது எனக்கு உவப்பானதல்ல. ('அப்ரைஸ்' என்று உச்சரிப்பு சற்றே பிசகினால் 'தெரிவி' என்று பொருள் தரும் வேறொரு சொல்லாகிவிடும், எழுத்திலும் பலர் இரண்டையும் குழப்புகிறார்கள்.)

கல்வித்துறையில் இந்த எல்லைகள் மங்கியிருக்கின்றன. நடுவழியில் திருத்திக்கொள்ள உதவும் மதிப்பீடு, முடிவில் தீர்ப்பளிக்கும் மதிப்பீடு என்று 1967இல் மதிப்பீட்டுத் துறை அறிஞர் மைக்கேல் ஸ்க்ரிவன் பிரித்தபோது, இரண்டையும் 'எவால்யுவேஷன்' என்றே அழைத்தார். இன்று வகுப்பறையில் அவ்விரண்டையுமே 'அசெஸ்மென்ட்' என்பது பெருவழக்கு.

இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கிவைத்த வரியைத்தான். 'அசெஸ்' என்பதன் லத்தீன் வேருக்கு 'அருகில் அமர்தல்' என்று பொருள். நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு உதவியவரோடு தொடர்புடைய சொல் அது. இன்று ஆங்கிலம் எழுதுவோர் எவரும் அதை நினைத்துக்கொண்டு எழுதுவதில்லை, வேரைக் காட்டி வழக்குக்கு விதி வகுப்பதும் என் பழக்கமல்ல. ஆனாலும் 'உட்கார நேரம் அமையவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அந்தச் சொல்லைக் கேட்டு நிற்கிறீர்களே அம்மா!

மற்றவர்களைப் பற்றி இப்படி ஒரு குறிப்பு உங்கள் கடிதத்தில் இல்லை. ஆகவே அவர்களோடெல்லாம் அமர்ந்து பேசியிருக்கிறீர்கள் என்றே கொள்கிறேன். தம்பிதானே, வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறீர்கள், வீட்டிலும் பேசவில்லை. உடன்பிறந்தவனுக்கு ஒரு மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவது தவறென்று எல்லோருக்கும் தெரியும். உடன்பிறந்தவன் என்பதாலேயே அவனுக்குரிய ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்வதும் அதே அளவு தவறு என்பது ஏனோ யாருக்கும் உறைப்பதில்லை. அவனுடைய பிழைப்பைப் பற்றி நாலு வரி எழுதும் உரிமையை ஏற்றுக்கொண்ட அக்கா, அவன் சொல்வதைக் கேட்கும் கடமையையும் சேர்த்தே ஏற்றிருக்கிறாள் என்பது என் உறுதியான எண்ணம். அந்த அறிக்கையை அக்காவே எழுதுவது முறைதானா என்று மேலதிகாரியிடம் நீங்கள் முன்பே கேட்டிருக்கவும் வேண்டும்.

இப்போது உள்ளபடியே அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், 'ரிவ்யூ' என்று எழுதுங்கள். ஆனால் அந்த வினைக்குச் செயப்படுபொருளாகக் கோப்புகள் இருக்கட்டும், தம்பி வேண்டாம். கோப்புகளைப் பார்வையிட்டேன் என்பது மட்டுமே நீங்கள் உண்மையில் செய்தது. எங்கே திணறினான், எதைத் தானாகக் கற்றுக்கொண்டான் என்று அவனிடமே கேட்டறிந்த பிறகு அதை 'அசெஸ்' என்று மாற்றிக்கொள்ளலாம். 'எவால்யுவேட்' என்று எழுத விரும்பினால், எந்த அளவுகோல்கள் என்பதை அதே பத்தியில் குறிப்பிடுங்கள். அவை ஆண்டின் தொடக்கத்திலேயே அவனுக்கும் தெரிந்திருந்தவையாக இருக்க வேண்டும். படிவத்தின் தலைப்பில் 'அப்ரெய்சல்' என்று அச்சாகியிருந்தால் அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. உங்கள் வாக்கியத்தில் மட்டும் அச்சொல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.