பேய்க்கும் ஓர் ஊர் வேண்டும்

சமீபத்தில் பார்த்த திகில், அறிவியல் புனைவு, மாயாஜாலப் படங்களில் எவை மனதில் நின்றன, எவை ஏமாற்றின என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வகைப் படங்களை நான் நிறையவே பார்க்கிறேன். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு. சிலவற்றைத் தியேட்டரில். பார்த்ததை எல்லாம் அடுக்கினால் உங்களுக்குப் பயன் இருக்காது, அதனால் உள்ளே தங்கியவற்றை மட்டும் சொல்கிறேன். முக்கியமான திருப்பங்களை உடைக்க மாட்டேன்.

அதற்கு முன் என் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் நாகர்கோவில்காரன். எங்கள் பக்கம் இசக்கியம்மன் இல்லாத ஊர் அபூர்வம். கையில் ஒரு குழந்தை, சில கோயில்களில் வாயிலும் ஒரு குழந்தை என்று நிற்பாள். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் அவளிடமே போய்த் தொட்டில் கட்டுவார்கள். பிள்ளையைத் தின்கிறவளிடம் போய்ப் பிள்ளையைக் கேட்பார்களா என்று சின்ன வயதில் ஆச்சியிடம் கேட்டேன். "அவளுக்குத்தாம்ல பிள்ளையோட அருமை தெரியும்" என்றாள். கொடை விழாவில் நடுச்சாமம் தாண்டி வில்லுப்பாட்டில், இசக்கியான நீலியின் கதையைப் பாடுவார்கள். அந்தக் கதையில் எந்தக் காடு, எந்த வழி, யார் மகள், யார் கொன்றான் எல்லாமே இருக்கும். கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பேய்ப் படம் என்றால் 'இந்தப் பேய் எந்த ஊர்? அதற்கு என்ன வேண்டும்?' என்றுதான் முதலில் தேடுவேன். பதில் கிடைக்கிற படம் என்னைத் தூங்க விடாது.

அப்படிச் சமீபத்தில் தூங்க விடாதது 2024இல் வந்த மலையாளப் படமான பிரமயுகம். ராகுல் சதாசிவன் இயக்கியது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. கதை 17ஆம் நூற்றாண்டு மலபாரில் நடக்கிறது. அடிமை பிடிக்கிறவர்களிடமிருந்து தப்பி ஓடிவரும் தேவன் என்ற பாணன், காட்டுக்குள் பாழடைந்து கிடக்கும் ஒரு மனையைக் கண்டு உள்ளே நுழைகிறான். அங்கே இருப்பது இரண்டே பேர். ஒரு சமையற்காரன், அப்புறம் வீட்டின் எஜமானான கொடுமண் போற்றி. போற்றியாக மம்மூட்டி.

பாணன் என்றதும் எனக்கு நம் ஆற்றுப்படை நூல்கள் நினைவுக்கு வந்துவிட்டன. வறுமையில் நடந்து வரும் ஒரு பாணனிடம், பரிசில் பெற்றுத் திரும்பும் இன்னொரு பாணன், 'இந்த வழியாகப் போ, அந்த வள்ளலிடம் சோறு கிடைக்கும், பொன்னும் கிடைக்கும்' என்று வழி சொல்வான். பிரமயுகம் அதைத் தலைகீழாக்கிய கதை. இங்கே பாணனுக்கு வழிகாட்ட யாரும் இல்லை. சோறு போடுகிற வீடு அவனை விழுங்குகிற வீடாக இருக்கிறது. போற்றி அவனைப் பாடச் சொல்கிறார், பாராட்டுகிறார், விருந்தாளி என்கிறார். பிறகு பகடை ஆட அழைக்கிறார். பணயம் வைக்கத் தன்னிடம் ஒன்றுமே இல்லையே என்கிறான் தேவன். உன் காலத்தை வை என்கிறார் போற்றி. எனக்கு உடல் சில்லிட்டது அங்கேதான். ஏழையிடம் பறிப்பதற்கு எதுவும் இல்லை என்று நாம் நினைக்கும்போது, அவனுடைய நாட்கள் இருக்கின்றன என்று அதிகாரத்துக்குத் தெரிந்திருக்கிறது.

மம்மூட்டிக்கு அப்போது 72 வயது. பாதிப் படத்துக்குத் திண்ணையில் நாற்காலியை விட்டு எழவே மாட்டார். கறை படிந்த பற்களோடு அவர் சிரிக்கும்போது வேறு எந்தப் பயமுறுத்தலும் தேவைப்படவில்லை. இந்த வேடத்துக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தபோது என் வீட்டில் ஒருவருக்குக் கிடைத்தது போல மகிழ்ந்தேன். இன்னொரு செய்தியும் உண்டு. போற்றியின் பெயர் முதலில் வேறாக இருந்தது. மந்திரவாதத்தில் பெயர் பெற்ற ஒரு பழைய குடும்பத்தார், அது தங்களைக் குறிக்கிறது என்று கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். அதன் பிறகே கொடுமண் போற்றி ஆனது. அந்த ஊரில் இந்தக் கதைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்தது 2025 ஆகஸ்டில் வந்த லோகா. டொமினிக் அருண் இயக்கம், கல்யாணி பிரியதர்ஷன் நாயகி. இதை நான் பார்க்கப் போனதே சொந்த ஊர்ப் பாசத்தில்தான். மலையாள ஐதீகக் கதைகளில் வரும் கள்ளியங்காட்டு நீலிதான் இந்தப் படத்தின் ஆதாரம். அந்தக் கள்ளியங்காடு எங்கள் நாகர்கோவிலை ஒட்டிய ஊர். ஆச்சி சொன்ன நீலி பெங்களூரில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்துகொண்டு இரவு வேலைக்குப் போகிறாள் என்று பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. கோயிலுக்குள் நுழைந்த ஒரு காட்டுச் சிறுமியில் தொடங்குகிறது அவள் முன்கதை. யட்சி என்று ஊர் பயப்படுகிறவள் முதலில் யாரால் என்ன ஆனாள் என்று கேட்கிற இடம் அது. வில்லுப்பாட்டுக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். பெண்களை வெறுக்கும் போலீஸ்காரராக நம் சாண்டி மாஸ்டர் மிரட்டியிருக்கிறார். இரண்டாம் பாதியில்தான் எனக்கு மனக்குறை. அடுத்தடுத்த பாகங்களுக்கு ஆள் சேர்க்கும் வேலையில் நீலி பின்னால் போய்விட்டாள். அவளோடு இன்னும் அரை மணி நேரம் இருந்திருக்கலாம்.

சரி, இப்போது நான் அதிகம் பேச விரும்பும் படத்துக்கு வருகிறேன். ரயன் கூக்ளரின் சின்னர்ஸ், 2025 ஏப்ரலில் வந்தது. 1932, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், கிளார்க்ஸ்டேல் என்ற ஊர். சுற்றிலும் பருத்திக் காடு. சிகாகோவில் சம்பாதித்துத் திரும்பும் கறுப்பின இரட்டையர்கள் இருவரும் மைக்கேல் பி. ஜோர்டன்தான். ஒரு பழைய மர அறுவை ஆலையை வாங்கி, அன்று இரவே தங்கள் மக்களுக்கென்று ஆட்டமும் பாட்டமும் சாராயமுமாக ஒரு கூடம் திறக்கிறார்கள். அங்கே கிட்டார் வாசித்துப் பாட வருகிறான் அவர்களுடைய சித்தப்பா மகன் சாமி. பாதிரியாரின் பிள்ளை. அப்பா அந்தப் பாட்டைப் பாவம் என்கிறார்.

ரத்தக்காட்டேரிகள் அந்தக் கூடத்தின் வாசலுக்கு வருவது ஏறக்குறைய பாதிப் படம் போன பிறகுதான். அதுவரை பெரும்பாலும் அந்த ஊரையே காட்டுகிறார்கள். எதிரெதிரே இரண்டு கடை நடத்தும் சீனக் குடும்பம், குடிக்குக் காசு கேட்டால் தோட்ட முதலாளி கொடுத்த வில்லையை நீட்டும் கூலிகள். அந்த வில்லை வெளியே எங்கும் செல்லாது. உழைத்த கூலியைக்கூடத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோக முடியாத மக்கள் அவர்கள். காட்டேரி வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே அவர்களுடைய ரத்தம் உறிஞ்சப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பது யாரும் வசனமாகச் சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

நடுவில் ஒரு பாட்டு வருகிறது. சாமி பாடப் பாட, அந்தக் கூடத்துக்குள் அவனுடைய முன்னோர்களும் இனி வரப்போகிறவர்களும் வந்து ஆடத் தொடங்குகிறார்கள். ஆப்பிரிக்க மேளக்காரர், மின்கிட்டார் வாசிப்பவர், பிற்கால ஹிப்ஹாப் ஆட்கள், சீனக் கூத்துக்காரர் எல்லோரும் ஒரே தரையில். கேமரா வெட்டே இல்லாதது போல அவர்களுக்குள் நீந்திப் போகிறது. ஒளிப்பதிவாளரின் பெயர் ஆட்டம் துரால்ட் அர்கபா, ஐமேக்ஸ் பெரிய பிலிமில் ஒரு முழுப் படத்தை ஒளிப்பதிவு செய்த முதல் பெண். இந்த ஒரு காட்சிக்கே அவரைக் கும்பிடலாம்.

தியேட்டரில் பக்கத்தில் இருந்தவர்கள் இதைப் புதுமை என்று வியந்தார்கள். எனக்கோ பழகிய இடத்துக்கு வந்தது போல இருந்தது. கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, கதை, செத்துத் தெய்வமானவரின் சாவை நெருங்க நெருங்க உடுக்கும் குடமும் வேகம் பிடிக்கும். புலவர் வீசுகோலால் வில்லை அடிக்கிற அடியில் அருள் வந்து ஆடுகிற கோமரத்தாடிக்கு உடம்பு நடுங்கும். அடுத்த நிமிடம் அவர் பெரியசாமி மாமா இல்லை, தெய்வம். எப்போதோ செத்தவர்கள் பாட்டின் வழியாக வந்து எங்களோடு நிற்பார்கள். பாட்டுக்கு அந்த வேலை உண்டு என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலும் அப்படித்தான் என்று ஒருவர் நம்பி எடுத்திருக்கிறார்.

இந்தக் காட்டேரிகளின் தலைவன் அயர்லாந்துக்காரன். அவனுடைய மண்ணும் ஒருகாலத்தில் பிறரால் பறிக்கப்பட்டதுதான். தொலைந்துபோன தன் மக்களை மறுபடி பார்க்க அவனுக்குச் சாமியின் பாட்டு வேண்டும். அதனால் அவன் மேல் வெறுப்பு வரும்போதே வருத்தமும் வருகிறது. யோசித்துப் பார்த்தால் பிரமயுகமும் இதுவும் ஒரே கதையைத் தொடுகின்றன. இரண்டிலும் ஒரு பாடகன், இரண்டிலும் அவனை விட மறுக்கும் ஒரு பசி. ஒன்றில் பாடகன் தெரியாமல் வீட்டுக்குள் போகிறான். மற்றதில் அழைக்காமல் உள்ளே வர முடியாத பேய் வாசலில் நின்று கெஞ்சுகிறது.

காட்சில்லா மைனஸ் ஒன் 2023இல் வந்தது. நான் தாமதமாகத்தான் பார்த்தேன். ராட்சதப் பல்லி ஊரை மிதிக்கிற படம்தானே என்று தள்ளி வைத்திருந்தது என் தவறு. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், மோதிச் சாக அனுப்பப்பட்ட ஒரு ஜப்பானிய விமானி, இயந்திரக் கோளாறு என்று பொய் சொல்லித் தரையிறங்கிப் பிழைத்துவிடுகிறான். அந்தக் குற்ற உணர்வோடு எரிந்துபோன டோக்கியோவுக்குத் திரும்புகிறான். அநாதைக் குழந்தை ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு பெண் வருகிறாள். மூவரும் தகரக் குடிசையில் ஒரு குடும்பமாகிறார்கள். அவர்கள் கஞ்சி குடிக்கிற காட்சிகளை இயக்குநர் தகாஷி யமாசாகி அவ்வளவு பொறுமையாக எடுத்ததால்தான், கின்ஸா தெருவில் அந்த மிருகம் கால் வைக்கும்போது நமக்கு மூச்சு நிற்கிறது. முதல் காட்சில்லா 1954இல் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. அந்த மிருகத்தின் ஊர் எது என்பதற்கு அதுவே பதில். யமாசாகியின் குழுவில் சுமார் 35 பேர், 610 கிராபிக்ஸ் ஷாட்டுகள். சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் அவர்களுக்குப் போனது. உயிரை மலிவாக நினைத்த அரசுக்கு எதிராக, இந்த முறை யாரும் சாகக் கூடாது என்று சாதாரண மனிதர்கள் திட்டம் போடும் இடத்தில் நான் அழுதேன்.

ஊர் நிஜமான ஊராக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ட்யூன் இரண்டாம் பாகத்தின் பாலைவனக் கோள் முழுக்கக் கற்பனை. ஆனால் இறந்தவர் உடலிலிருந்து நீரை வடித்து, பாறைக்குள் இருக்கும் குளத்தில் சேர்க்கிறார்கள் அந்த மக்கள். தாகத்தில் செத்தாலும் அந்தக் குளத்தில் கை வைக்க மாட்டார்கள். கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தவர்களுக்கு அந்தக் குளத்தின் முன் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தப் பாலைவனத்தில் திரியும் ராட்சத மணல் புழுவை விட எனக்கு அந்தக் குளம்தான் பெரிதாகத் தெரிந்தது.

தும்பாட் 2018இல் வந்த இந்திப் படம். 2024இல் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது பார்த்தேன். கொங்கண் மழை, பாழடைந்த பழைய மாளிகை, பொன்னுக்கு ஆசைப்பட்டுச் சோற்றை இழந்த ஒரு தெய்வம். வீட்டில் சின்னத் திரையில் பார்த்தபோது கதைதான் தெரிந்தது. தியேட்டரில் மழை தெரிந்தது. உண்மையான பருவமழையில் எடுத்தது என்பது நனைந்த சுவரைப் பார்த்தாலே புரியும்.

ஏமாற்றியவை என்று கேட்டால், பெயர் சொல்லாமல் ஒரு வகையையே சொல்கிறேன். ஆளில்லாத பங்களா, உள்ளே மாட்டிக்கொண்டு அலறும் நகைச்சுவைக் கூட்டம், இடைவேளைக்குப் பிறகு பேய்க்கு ஒரு சோகக் கதை, கடைசியில் பழிவாங்கல். தமிழில் பத்து வருடத்துக்கும் மேலாக இதையே பார்க்கிறோம். அந்தப் பங்களாவைத் தூக்கி எந்த ஊரில் வைத்தாலும் பொருந்தும், அதுதான் பிரச்சினை. 2015இல் வந்த டிமான்ட்டி காலனி எனக்குப் பிடித்ததற்குக் காரணமே ஆழ்வார்பேட்டையில் நிஜமாக இருக்கும் ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு, நான்கு நண்பர்களை ஒரே அறைக்குள் பூட்டியதுதான். 2024இன் இரண்டாம் பாகம் பரப்பைப் பெரிதாக்கியது, பயம் நீர்த்துவிட்டது.

நம்மிடம் கதை இல்லாமலா? 'நீலிக்கண்ணீர்' என்று தினமும் சொல்கிறோம். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வணிகனைக் காட்டி, இவன் என் கணவன் என்று ஊர்ச் சபையில் அழுதவள் அவள். வேண்டாம், இவள் பேய் என்று வணிகன் கதறுகிறான். எழுபது வேளாளர்கள், உனக்கு ஒன்று ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு ஒரு வீட்டில் விடுகிறார்கள். காலையில் கதவு திறக்கவில்லை. கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். திருஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இதைப் பற்றிய குறிப்பு உண்டு. ஒரே ஊர், ஒரே இரவு, மூடிய கதவு, வெளியே வாக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் எழுபது பேர். யாராவது இதை இந்தக் காலத்துக்கு ஏற்ற கையோடு எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்குப் போவேன்.

இவற்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் பிரமயுகத்தைப் பாருங்கள். மலையாளத்திலேயே, ஹெட்போன் போட்டு. தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்தப் பழைய மலையாளம் பாதிக்கு மேல் புரியும், மழைச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.