ஆடுகளப் புகழ் வாங்கித் தந்த பதவியா?

கேள்வி: சென்ற இதழில், முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆலன் பேஜ் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நட்சத்திர வீரர் என்பதால் கிடைத்த பதவிதானே அது? நம்மூரில் நடிகர்கள் எம்.எல்.ஏ. ஆவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
(ஒரு வாசகர், தென்காசி)

பதில்: நிறைய வித்தியாசம் இருக்கிறது. எம்.எல்.ஏ. ஆவதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. மினசோட்டாவில் நீதிபதி ஆக சட்டம் படித்திருக்க வேண்டும். பேஜ் அந்தப் படிப்பை ஓய்வு பெற்ற பிறகு படிக்கவில்லை, ஆடிக்கொண்டிருந்தபோதே படித்தார். அதுவும் முதல் முயற்சியில் நடக்கவில்லை. மினசோட்டாவின் வைகிங்ஸ் அணியில் சேர்ந்த புதிதில் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து, மூன்றே வாரத்தில் விட்டுவிட்டார். பல வருடம் கழித்து மினசோட்டா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் மறுபடி சேர்ந்து, 1978-ல் பட்டம் வாங்கினார்.

அந்த வருடங்களில் அவர் ஒப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கால்பந்து என்பது நம்மூர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி, மோதி ஆடும் ஆட்டம். எதிரணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை விரட்டிச் சாய்ப்பதுதான் அவருடைய வேலை. அந்த இடத்தில் ஆடுகிறவருக்கு ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதைத் தரும் வழக்கமே அந்த ஆட்டத்தின் தேசிய லீகான என்.எஃப்.எல்.லில் கிடையாது. 1971-ல் பேஜ் வாங்கினார். தடுப்பு ஆட்டக்காரர்களில் அவருக்குப் பிறகு அதை வாங்கியவர் லாரன்ஸ் டெய்லர் ஒருவர்தான், அதுவும் 1986-ல். 15 பருவங்களில் பேஜ் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. அந்த ஆட்டம் உடம்பை என்ன செய்யும் என்பதை அவர் கையே சொல்லும்: அடிக்கடி மூட்டு விலகி விலகி, ஒரு சுண்டுவிரல் பக்கவாட்டில் மடங்கியபடியே நின்றுவிட்டது. நீதிபதி அங்கியில் எடுத்த படங்களிலும் அந்த விரல் தெரியும்.

பட்டம் வாங்கிய அதே 1978-ல் வைகிங்ஸ் அவரை வெளியே அனுப்பியது. நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கி உடல் எடை குறைந்துவிட்டது, இனி இந்த வேலைக்கு உதவ மாட்டார் என்றார்கள். சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொண்டது. 1981 வரை அங்கே ஆடினார். பருவம் இல்லாத மாதங்களில் வக்கீல் வேலை பார்த்தார். அப்புறம் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் சேர்ந்தார்.

சரி, உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். மினசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மக்கள் வாக்களித்து வர வேண்டும் என்பது சட்டம். ஆனால் காலியாகும் இடத்தை ஆளுநரே நிரப்புவதுதான் வழக்கமாக இருந்தது. 1992-ல் தேர்தலைச் சந்திக்க வேண்டிய ஒரு நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் ஆர்னி கார்ல்சன் நீட்டித்துவிட்டார். அதாவது தேர்தலே கிடையாது. புகழ் கதவைத் திறந்துவிடும் என்றால் இங்கே திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பேஜ் வழக்குப் போட்டார். எந்த நீதிமன்றத்தில் உட்கார விரும்பினாரோ, அந்த நீதிமன்றத்திலேயே. இருக்கிற நீதிபதிகள் தங்கள் சொந்த இருக்கை பற்றிய வழக்கைக் கேட்பது முறையில்லை என்பதால் வேறு நீதிபதிகள் அமர்ந்து கேட்டார்கள். தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தேர்தலில் நின்று ஜெயித்தார். அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர்.

தெரிந்த முகம் என்பதற்காகச் சிலர் வாக்குப் போட்டிருப்பார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் மூன்று முறை மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டு, 70 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்ற விதிப்படி 2015-ல் இறங்கும்வரை அந்த இருக்கையில் இருந்தார். 1971-ல் வாங்கிய விருது அத்தனை வருடம் தாங்காது.

அவர் தன் புகழை எதற்குச் செலவழித்தார் என்பதையும் பாருங்கள். அவர் பிறந்த ஊரான ஒஹாயோவின் கேன்டனில்தான் கால்பந்துப் புகழ்க்கூடம் இருக்கிறது. பையனாக இருந்தபோது அந்தக் கட்டட வேலையில் கூலிக்கு நின்றவர். 1988-ல் அதே இடத்தில் அவரைச் சேர்த்துக் கௌரவித்தார்கள். மேடையில் தன்னை அறிமுகப்படுத்த எல்லோரும் பயிற்சியாளரையோ சக வீரரையோ கூப்பிடுவார்கள். பேஜ் கூப்பிட்டது மினியாபோலிஸ் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையை. பேச்சிலும் ஆட்டக் கதைகளைவிடப் படிப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார். கல்லூரி வரை போய் வந்த சக வீரர்களில் சிலருக்கு அணியின் ஆட்டத் திட்டங்கள் எழுதிய பிளேபுக்கை வாசிக்கவே வராததைப் பார்த்தவர் அவர். அந்த ஆண்டே மனைவி டயனோடு சேர்ந்து பேஜ் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார். சிறுபான்மை இன மாணவர்களுக்கு மேற்படிப்புக்குப் பணம் தருகிறார்கள், ஆனால் சும்மா இல்லை: பணம் வாங்கும் மாணவர் தன்னைவிடச் சின்னக் குழந்தைகளுக்குப் பாடத்தில் உதவ நேரம் ஒதுக்க வேண்டும். இந்த நிபந்தனையில்தான் எனக்கு அந்த மனிதர் முழுதாகத் தெரிகிறார்.

2017-ல் மினியாபோலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவர் பெயரை வைத்தார்கள். டகோட்டா பழங்குடியினரை ஒழிக்கச் சொன்ன அலெக்சாண்டர் ராம்சே என்ற பழைய ஆளுநரின் பெயர் எங்கள் பள்ளிக்கு வேண்டாம் என்று மாணவர்களே கேட்டு மாற்றிய பெயர் அது. 1981-ல் ஆட்டத்தை விட்டவரை அந்தப் பிள்ளைகள் மைதானத்தில் பார்த்திருக்க வழியே இல்லை. நீதிபதியாகத்தான் அவரைத் தெரியும். பள்ளிக்கு வைத்த பெயரும் ‘ஜஸ்டிஸ் பேஜ்’ என்பதுதான்.