வாசகர் கேள்வி: நடுத்தூணை எடுத்துவிட்டு அகலக் கதவு வைக்கலாமா?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தின் வட பகுதியில் எங்கள் நிலத்தில் 40 அடி அகலமும் 64 அடி நீளமும் கொண்ட ‘போல் பார்ன்’ (மண்ணில் நட்ட தூண்களே கூரையைத் தாங்கும் கொட்டகை) ஒன்றைக் கட்டவிருக்கிறோம். 8 அடிக்கு ஒரு தூண், தூணுக்கு ஒரு ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) என்பது திட்டம். கூரைக்குச் சதுர அடிக்கு 30 பவுண்டு பனிச்சுமை கணக்கிட வேண்டுமாம். நீளச் சுவரில் ஒரு தூணை விட்டுவிட்டு, மூன்று 2x12 அங்குலப் பலகைகளைச் சேர்த்தடித்து உத்தரமாக்கினால் 16 அடி அகல ஓவர்ஹெட் கதவு (மேலே ஏறித் திறப்பது) வைக்கலாம் என்கிறார் அண்டைப் பண்ணைக்காரர். சரிதானா?

பதில்: தூணை விடலாம், ஆனால் அந்த உத்தரம் போதாது. பனியின் 30 பவுண்டோடு கூரையின் சொந்த எடைக்கு 10 பவுண்டு சேர்த்தால், ஒவ்வொரு ட்ரஸும் 320 சதுர அடிக்கு 12,800 பவுண்டைச் சுமக்கிறது. அதில் பாதியான 6,400 பவுண்டு ஒவ்வொரு பக்கச் சுவரிலும் இறங்கும். நீங்கள் எடுத்துவிடும் தூண் தாங்கவேண்டிய அந்த 6,400 பவுண்டு இப்போது உத்தரத்தின் நட்டநடுவில் விழுவதால், அங்கே ஏற்படும் வளைவு விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் மூன்று சாதாரணப் பலகைகள் தாங்கும். உங்கள் அண்டை வீட்டார் சிறிய கதவு எதற்காவது அப்படிச் செய்திருக்கலாம். அது நின்றதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்யும் எல்.வி.எல். உத்தரம்தான் இங்கே பொருந்தும். அதன் ஆழத்தையும் அடுக்குகளின் எண்ணிக்கையையும் பொறியாளர் கணக்கிட்டுத் தரட்டும்.

பலரும் உத்தரத்தோடு நின்றுவிடுகிறார்கள், தூணைப் பார்ப்பதில்லை. கதவின் இருபுறத் தூண்களும் தத்தம் 6,400 பவுண்டோடு உத்தரத்தில் விழும் சுமையின் பாதியையும் ஏற்பதால் ஒவ்வொன்றிலும் 9,600 பவுண்டு இறங்குகிறது. சதுர அடிக்கு 2,000 பவுண்டு தாங்கும் மண்ணில் மற்றத் தூண்களுக்குச் சுமார் 24 அங்குல விட்டமுள்ள அடித்தளம் போதுமென்றால், இவ்விரண்டுக்கும் 30 அங்குலம் தேவைப்படும். உத்தரத்தைத் தூணின் பக்கவாட்டில் ஆணியால் மட்டும் தொங்கவிடாமல், தூணில் வெட்டிய படியின் மீதோ, தூணோடு சேர்த்து நிறுத்திய துணைக்காலின் மீதோ அமரச் செய்யுங்கள். காற்று கூரையைத் தூக்க முயலும்போது பிடித்துக்கொள்ள இரும்புப் பட்டையும் வேண்டும்.

அடுத்தது அளவு. தூண்களின் மையத்துக்கு மையம் 16 அடி என்று குறித்துக்கொண்டு குழி தோண்டிவிட்டு, பிறகு கதவு நுழையவில்லை என்று புலம்புவது அடிக்கடி நடப்பது. 6x6 அங்குலம் எனப்படும் தூணின் உண்மையான கனம் 5½ அங்குலம். இருபுறமும் 1½ அங்குல நிலைப்பலகை வரும். எனவே 16 அடி தெளிவான வழி வேண்டுமானால் மையத்துக்கு மையம் 16 அடி 8½ அங்குலம் இருக்கவேண்டும். அப்படி நகர்த்தும்போது, 8 அடிக் கணக்கில் வரும் ட்ரஸின் மையம் தூணின் உள்முகத்திலிருந்து 1½ அங்குலம் உள்ளே தள்ளி, தூணின் தலையில் அல்லாமல் உத்தரத்தின் மேல் வந்து அமரும். ஆகவே அந்தச் சுமைகளையும் சேர்த்தே பொறியாளர் உத்தரத்தைக் கணக்கிடவேண்டும். உத்தரமும் இருபுறத் தூண்களின் மேல் முழுதாக ஏறி உட்காரும் நீளத்தில் இருக்கட்டும்.

நிலத்தின் அமைப்பு இடம் கொடுத்தால், கதவை 40 அடிப் பக்கத்து முக்கோணச் சுவருக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். அங்கே ட்ரஸ்கள் சுவருக்கு இணையாக ஓடுவதால், கோடியிலுள்ள ட்ரஸ் மூலைத் தூண்களுக்கிடையே தானே நிற்கும்படி செய்யப்பட்டிருந்தால், கதவுக்கு மேலுள்ள உத்தரத்துக்குச் சுவரின் எடையும் காற்றும்தான் மிச்சம். பனி நாட்டில் இறவாரப் பக்கம் கதவு வைத்தால், கூரையில் சறுக்கும் பனி வாசலிலேயே குவியும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கதவு எந்தப் பக்கம் வந்தாலும், வழியின் நட்டநடுவில், உத்தரத்துக்கு மேல்வரை செல்லும் ஒரு கெட்டியான செங்குத்துப் பலகையைச் சுவர்ச் சட்டம் போடும்போதே பொருத்திவிடுங்கள். கதவைத் தூக்க உதவும் முறுக்கு ஸ்பிரிங்கின் நடுத் தாங்கியை அதில்தான் திருகவேண்டும். தகரத்தை மூடிய பிறகு அந்த இடத்தில் பலகை செருகுவது பெரும்பாடு.