சிங்கப்பூர்க் கொடியைக் கணினியில் பிசகில்லாமல் வரைவது எப்படி?

தேசிய தினச் சுவரொட்டிக்காக ஜிம்ப் மென்பொருளில் வரைந்த கொடி பெரிதாக்கும்போது மங்குவதாகவும், நட்சத்திரங்கள் சீராக அமையவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜிம்ப் படத்தைப் புள்ளிகளாகச் சேமிப்பதால், எந்த அளவிலும் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டிய கொடிக்கு, கோடுகளைக் கணிதச் சூத்திரங்களாகச் சேமிக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளே ஏற்றது, அதுவும் இலவசம்தான்.

கொடியின் உயரமும் நீளமும் 2:3 விகிதத்தில் இருக்க வேண்டும். மேற்பாதி சிவப்பு, கீழ்ப்பாதி வெள்ளை. வெள்ளைப் பாதியையும் தனிச் செவ்வகமாகவே வரையுங்கள். வெறுமையாக விட்டால், கருநிறப் பின்னணியில் வைக்கும்போது கொடியே மாறிவிடும். பிறைக்கு ஒரு வெள்ளை வட்டத்தை வரைந்து, அதன்மேல் சற்று வலப்புறம் தள்ளி இன்னொரு வட்டத்தை வைத்து, மேலுள்ளதைக் கழித்துவிடுங்கள்.

நட்சத்திரங்களில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் ஆகியவற்றைக் குறிக்கும் அந்த ஐந்தையும் கண்ணளவில் அடுக்கவே கூடாது. நட்சத்திரக் கருவியில் முனைகளை 5 என்றும், உள்-வெளி ஆர விகிதத்தை 0.382 என்றும் கொடுத்து, உச்சியில் வரவேண்டிய நட்சத்திரத்தை முதலில் வரையுங்கள். பிறகு அதன் சுழல்மையத்தை, ஐந்து நட்சத்திரங்களும் அமையவேண்டிய வளையத்தின் நடுவுக்கு இழுத்து, நகலெடுத்து நகலெடுத்து 72 பாகை சுழற்றுங்கள். ஐந்துமுனை நட்சத்திரம் 72 பாகை திரும்பினாலும் அதே தோற்றத்தில் இருப்பதால், எல்லாமே முனை மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது சிவப்பு, அச்சகங்கள் பயன்படுத்தும் பான்டோன் நிற வரிசையில் 032 என்று குறிப்பிட்டுவிடுங்கள்.