பிஎச்.டி. முடித்தும் வேலை நிலைக்கவில்லை

வேதியியலில் பிஎச்.டி. முடித்தவள் நான். வயது 37. அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய், அதுவும் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் வந்தால் மளிகைக் கடையில் கடன் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்கிறது. உதவிப் பேராசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வு (நெட்) தேறியும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) அறிவிப்புக்குக் காத்திருந்தே வயது ஓடுகிறது. "இவ்வளவு படிச்சு என்ன ஆச்சு?" என்கிறார் மாமியார். கணவர் எதுவுமே சொல்வதில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வாழ்க்கையை வீணாக்கிவிட்டேனா? விடவும் மனசு வரவில்லை.

- ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்

அன்புச் சகோதரி,

இந்த நிலைமையை நீங்கள் உண்டாக்கவில்லை. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக பிஎச்.டி. கட்டாயம் என்று 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) விதி போட்டது. அதை நம்பி ஆய்வில் இறங்கியவர்கள் பலர். 2023-இல் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் போதும் என்று மாற்றிவிட்டது. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019-லேயே சொன்னதும் அதே யூஜிசிதான். உங்கள் கைக்கு வருவது அதில் பாதி. நிரந்தரப் பணியில் சேருகிறவரின் அடிப்படைச் சம்பளமோ 57,700. இந்த இடைவெளியைத்தான் உங்கள் மனசு 'எனக்குத் தகுதி போதவில்லை' என்று எடுத்துக்கொள்கிறது. 3 மணிக்கு உங்களை எழுப்பிவிடுவதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

கணவரின் மௌனத்துக்கு நீங்களாக ஒரு அர்த்தம் வைத்துக்கொள்ளாதீர்கள், கேட்டுவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து வரவு செலவைத் தாளில் எழுதுங்கள். மே மாதத்துக்கு என்ன வழி, இன்னும் எத்தனை டிஆர்பி தேர்வு எழுதுவது, அதுவரை வீடு தாங்குமா என்று பேசி ஒரு எல்லை வையுங்கள். எல்லையில்லாத காத்திருப்புதான் ஆளை அரிக்கிறது. மாமியாருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு கணவருடையது. அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். மருந்து கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களுக்கு விண்ணப்பம் போடுங்கள். மருந்தில் கலந்திருப்பவற்றைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் பழகிய வேதியியலாளர் அங்கே தேவைப்படுகிறார். உங்களுக்கு முன்னால் கல்லூரியை விட்டுப் போன சீனியர்களிடம் பேசுங்கள். வகுப்பறையை விடுவது தோல்வி இல்லை. ஆனால் வலிக்கும், அந்த வலி நியாயமானது.

தூக்கம் இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கென்று தனிப் பிரிவு உண்டு. விழித்துக்கொள்ளும் அந்த நேரத்திலேயே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.