டிஎன்எஸ் மாற்றினால் தளம் சட்டென்று திறக்குமா?

கேள்வி: வீட்டில் ஃபைபர் இணைப்பு. வேகச் சோதனையில் சொன்ன வேகம் வருகிறது. ஆனாலும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதல் சில விநாடிகள் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு மளமளவென்று வந்துவிடுகிறது. டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றச் சொல்கிறார் ஒருவர், 1.1.1.1 தான் வேகம் என்கிறார் இன்னொருவர். எதைப் போடுவது? ரவுட்டரில் மாற்றினால் போதுமா? பத்து வயது மகனும் டேப்லெட் பயன்படுத்துகிறான்.

பதில்: இந்த அறிகுறிக்கு டிஎன்எஸ் மீது சந்தேகம் வருவது நியாயம்தான். தளத்தின் பெயரைக் கேட்டு, இணையத்தில் அதற்குள்ள எண் முகவரியை (ஐபி முகவரி) சொல்வதோடு டிஎன்எஸ் சர்வரின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தரவு வந்து போகும் பாதையில் அதற்குப் பங்கில்லை. ஆகவே அதில் கோளாறு இருந்தால் தாமதம் தொடக்கத்தில் மட்டும் தெரியும். டவுன்லோடு மந்தம், வீடியோ பாதியில் திக்கித் திக்கி ஓடுகிறது, விளையாட்டின் நடுவே பிங் (தகவல் போய்வரும் நேரம்) எகிறுகிறது என்பவர்களுக்கு டிஎன்எஸ் மாற்றுவதால் பெரும்பாலும் பயன் இல்லை. 'இதை மாற்றினால் வேகம் இரட்டிப்பு' என்று வீடியோ போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

எதையும் மாற்றும் முன் ஒரு தடவை அளந்து பாருங்கள். கணினியில் பிரவுசரைத் திறந்து எஃப்12 பொத்தானை அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போய், சமீபத்தில் எட்டிப் பார்க்காத ஒரு தளத்தைத் திறக்கவும். வருகிற பட்டியலின் முதல் வரியில் டைமிங் விவரம் இருக்கும். டிஎன்எஸ்ஸுக்கு எவ்வளவு நேரம், இணைப்புக்கு எவ்வளவு, தளத்தின் பதிலுக்காகக் காத்திருந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். ஏற்கெனவே போன தளமாக இருந்தால் முகவரி கணினியின் கேஷிலேயே (தற்காலிகச் சேமிப்பில்) கிடக்கும். டிஎன்எஸ் நேரம் பூஜ்யம் என்று காட்டி ஏமாற்றும்.

விடையைக் கையில் வைத்திருக்கிற, அருகிலுள்ள சர்வர் சில பத்து மில்லி விநாடிகளுக்குள் பதில் சொல்லிவிடும். தானே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் 100, 200 ஆகலாம், அதில் தவறில்லை. விநாடிக் கணக்கில் போனால் மட்டும் விஷயம் வேறு. முதலில் அனுப்பிய கேள்விக்குப் பதிலே வராமல், கருவி காத்திருந்துவிட்டு மறுபடியும் கேட்கிறது என்று பொருள். உங்கள் வீட்டில் நடப்பது அநேகமாக இதுதான்.

பதில் சொல்லாமல் இருப்பது யார்? இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வராக இருக்கலாம், ரவுட்டராகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது ஆளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் கருவிகள் கேட்பது 192.168.1.1 போன்ற ரவுட்டரின் முகவரியைத்தான். ரவுட்டர் அந்தக் கேள்வியை வாங்கி வெளியே அனுப்புகிறது. மலிவான ரவுட்டர்கள், வீட்டில் கருவிகள் கூடக்கூட, இந்த வேலையில் தடுமாறும். கண்டுபிடிக்க வழி எளிது. ஒரே ஒரு கணினியில் மட்டும் டிஎன்எஸ் முகவரியை 9.9.9.9 என்று நேரடியாகக் கொடுத்து ஒரு நாள் ஓட்டுங்கள். அதில் மட்டும் சுற்றல் நின்றால், அந்த முகவரியை ரவுட்டரின் இணைய இணைப்புப் பக்கத்தில் கொடுத்து, கணினியைப் பழையபடி தானியங்கிக்குத் திருப்புங்கள். மறுபடியும் சுற்றினால் குற்றவாளி ரவுட்டர். அப்போது, கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் முகவரியைப் போட்டுவிட்டால், கருவிகள் ரவுட்டரை இடையில் இழுக்காமல் நேராக வெளியே கேட்கும்.

இனி எதைப் போடுவது என்ற கேள்வி. வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பேன். 2009 முதல் இருக்கும் கூகுள் (8.8.8.8), 2017இல் வந்த குவாட்9 (9.9.9.9), 2018இல் வந்த கிளவுட்ஃப்ளேர் (1.1.1.1) மூன்றுமே ஒரே முகவரியைப் பல நகரங்களிலிருந்து இயக்குபவை. உங்கள் கேள்வி அவற்றில் எந்த நகரத்துக்குப் போகும் என்பது, உங்கள் இணைய நிறுவனம் யாரோடு எங்கே இணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நண்பர் வீட்டில் பறப்பது உங்கள் வீட்டில் சுற்றுவழியில் போகலாம். கணினியின் பிங் கட்டளையால் மூன்றுக்கும் போய்வரும் நேரத்தை அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் பின்தங்கினால் அதை விட்டுவிடுங்கள். ஐந்து, பத்து மில்லி விநாடி வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. பெரிய வீடியோ நிறுவனங்களும் மென்பொருள் நிறுவனங்களும் ஒரே கோப்பைப் பல ஊர்களில் வைத்திருக்கும். உங்களுக்கு அருகிலிருப்பது எது என்பதை, கேட்கிற டிஎன்எஸ் சர்வர் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே பெரும்பாலும் கணிக்கின்றன. இணைய நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ் என்றால் கணிப்பு சரியாக அமையும். வெளியார் சர்வர் தொலைவில் இருந்தால், டிஎன்எஸ் பதில் வேகமாக வந்தும் வீடியோ தூரத்து ஊரிலிருந்து வரக்கூடும். இதைச் சமாளிக்க கூகுள் உங்கள் ஐபி முகவரியின் ஒரு பகுதியைத் தளத்தின் டிஎன்எஸ் சர்வருக்குத் தெரிவிக்கிறது. கிளவுட்ஃப்ளேர், அந்தரங்கம் கருதி, தெரிவிப்பதில்லை. குவாட்9இல் 9.9.9.9 தெரிவிக்காது, 9.9.9.11 தெரிவிக்கும். மாற்றிய பிறகு வீடியோ முன்பைவிட மோசமானால் காரணத்தை இங்கே தேடுங்கள்.

அந்தரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் போகும் தளங்களின் பெயர் முழுவதும் டிஎன்எஸ் நடத்துபவர் கைவழியே போகிறது. குவாட்9 சுவிட்சர்லாந்தில் பதிவான லாப நோக்கற்ற அமைப்பு. பயனரின் ஐபி முகவரியைப் பதிவுசெய்வதில்லை என்று உறுதி சொல்கிறது. தீங்கான தளங்கள் என்று அறியப்பட்ட பெயர்களுக்குப் பதில் தராமல் தடுத்தும்விடுகிறது. எனக்கு அதன் மேல் சாய்வு உண்டு என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் சர்வரை மாற்றிவிட்டால் இணைய நிறுவனத்துக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண டிஎன்எஸ் கேள்வி பூட்டப்படாமலேயே அவர்கள் வழியாகத்தான் போகிறது. பிரவுசரில் உள்ள 'பாதுகாப்பான டிஎன்எஸ்' வசதி கேள்வியை மறைகுறியாக்கி அனுப்பும். அப்போதும், இணைப்பு தொடங்கும் நொடியில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடுகிறது.

மகனின் டேப்லெட்டுக்கு வருவோம். ஆபாசத் தளங்களையும் தீங்கான தளங்களையும் சேர்த்துத் தடுப்பதற்கென்றே கிளவுட்ஃப்ளேரில் 1.1.1.3, 1.0.0.3 என்ற முகவரிகள் உண்டு. இதை வீடு முழுவதற்கும் போடலாம். டேப்லெட்டில் மட்டும் போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் வீட்டுக்கு வெளியே மொபைல் டேட்டாவிலும் தடுப்பு கூடவே வரும். ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது. அங்கே எண் செல்லாது, பெயர்தான் கேட்கும். ஃபேமிலி டாட் கிளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ் டாட் காம் என்பதை ஆங்கிலத்தில் இடவேண்டும். பொது இடத்து வைஃபையில் லாகின் பக்கம் திறக்காமல் முரண்டு பிடித்தால் தற்காலிகமாக அணைத்துவிட்டு உள்ளே போங்கள். பையன் செட்டிங்ஸுக்குள் புகுந்து மாற்றாதபடி பெற்றோர் கட்டுப்பாட்டில் பூட்டவும் வேண்டும். பத்து வயதில் அது அவர்களுக்குப் பெரிய வித்தையே இல்லை. இன்னொன்று, டிஎன்எஸ் தடுப்புக்குத் தளத்தின் பெயர் மட்டுமே தெரியும். யூடியூபுக்குள் இருக்கும் ஒரு வீடியோவை அதனால் பிரித்துத் தடுக்க முடியாது.

ரவுட்டரில் மாற்றும்போது இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். முதலாவது, இரண்டாம் முகவரிக்கான கட்டம். முதலாவது செத்தால் மட்டும் அது வேலை செய்யும் என்று நினைக்கிறோம். பல கருவிகள் இரண்டையும் மாறி மாறிக் கேட்கும். 1.1.1.3 போட்டுவிட்டு அடுத்த கட்டத்தில் 8.8.8.8 போட்டால், தடுக்கப்பட்ட தளம் சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது. இரண்டும் ஒரே தன்மையுடையவையாக இருக்க வேண்டும். அதற்காக ஒரே நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. 2025 ஜூலை 14 அன்று கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 சேவை சுமார் ஒரு மணி நேரம் முடங்கியபோது, அவர்களுடைய 1.0.0.1 முகவரியும் கூடவே படுத்துவிட்டது.

இரண்டாவது, ஐபிவி6 என்ற புதிய தலைமுறை ஐபி முகவரி முறை. அதற்கான டிஎன்எஸ் கட்டம் ரவுட்டரில் தனியே இருக்கும். அதைத் தொடாமல் விட்டால் கருவிகள் அந்த வழியில் பழைய சர்வரையே கேட்டுக்கொண்டிருக்கும். மாற்றியும் ஒன்றும் மாறவில்லை என்று வருகிற புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் ஐபிவி6 முகவரிகளையும் அவர்கள் தளத்திலிருந்து எடுத்து இடுங்கள்.

என் யோசனை இது: அளந்து பார்த்ததில் பழி டிஎன்எஸ் மீதுதான் என்றால், ரவுட்டரில் 9.9.9.9 முதலிலும் 1.1.1.2 அடுத்தும் இருக்கட்டும். இரண்டும் தீங்கான தளங்களைத் தடுப்பவை, வெவ்வேறு நிறுவனத்தவை. டேப்லெட்டுக்கு மேலே சொன்ன குடும்பத் தடுப்பு. ரவுட்டரில் இப்போது இருக்கும் அமைப்பை முதலில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இணைய நிறுவனமே கொடுத்த டிவி பெட்டியோ தொலைபேசியோ அதே இணைப்பில் ஓடினால், அவற்றுக்கு வேண்டிய சில பெயர்களை அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் மட்டுமே அறிந்திருக்கக்கூடும். மாற்றிய பிறகு டிவி வராமல் போனால், ரவுட்டரைப் பழையபடி விட்டுவிட்டு, கணினிகளிலும் போன்களிலும் மட்டும் தனித்தனியே மாற்றிக்கொள்ளுங்கள்.