புவி வெப்பமயமாதலுக்குக் காரணங்கள் என்ன? அதன் விளைவுகள் என்ன?

காரணம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். முதன்மையாக நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றை எரிப்பது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. காடழிப்பும், கால்நடை, நெல்வயல், குப்பைமேடுகளிலிருந்து வரும் மீத்தேனும் கூடச் சேர்கின்றன.

விளைவு என்றால் எல்லாரும் வெயிலைச் சொல்வார்கள். நான் கடலைச் சொல்வேன். இந்த வாயுக்களால் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள்தான் போகிறது.

எனக்குத் தூத்துக்குடி. இங்கிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். பவளம் பார்க்கக் கல், ஆனால் உயிர். அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலை வாங்கி உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கிறது. நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியுடையதுதான். கோடையின் வழக்கமான உச்சத்தைவிடத் தண்ணீர் ஒரு டிகிரி கூடச் சூடாகிச் சில வாரம் அப்படியே நின்றால் போதும், பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வரும். இல்லையென்றால் பவளம் பட்டினியில் செத்துப்போகும்.

1998, 2010, 2016 என்று இங்கே பெரிய அளவில் வெளுத்திருக்கிறது. 2016 கோடையில் சங்கு குளிக்கும் அண்ணன் ஒருவர், "பார் முழுக்கச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்கு தம்பி" என்றார். பார் என்று இங்கே சொல்வது பவளப்பாறையை. அது செத்தால் அதை அண்டி வாழும் கலவா, ஓரா மீன்களும் குறையும். அது நேராகக் கரையோரக் குடும்பங்களின் வருமானத்தில் கை வைக்கும்.

எனக்கு ஆற்றாமை இதில்தான். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியதற்கு அதுவே முக்கியக் காரணம். 2001-இல் பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது, அதன்பின் சில ஆண்டுகளில் வெட்டுவதும் நின்றது, பாறைகளும் தேறத் தொடங்கின. சரி, பிழைத்துவிட்டது என்று நினைக்கும்போது 2010-இல் சூடு அடித்தது.

கல் வெட்டுவதை இந்த ஊர் மக்களால் நிறுத்த முடிந்தது. கடல் சூடாவதை நிறுத்த முடியாது. எங்கள் ஊர் அனல்மின் நிலையம் விடும் கரியமில வாயுவும் சீனாவிலும் அமெரிக்காவிலும் எரிப்பதும் ஒரே காற்றில்தான் கலக்கின்றன. 2024 ஏப்ரலில், உலகம் தழுவிய நான்காவது பவள வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபும் அதில் அடக்கம். அவ்வளவு வசதியும் பாதுகாப்பும் உள்ள கடலே தப்பவில்லை.